வீட்டில் ஒருவருக்குக் கொரோனா: தனிமை, சிகிச்சை, எப்போது ஆஸ்பத்திரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு செவிலியர். 2020லும் 2021லும் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் வேலை பார்த்தேன். இப்போதும் காய்ச்சல் சீசன் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், அப்போது எங்கள் வார்டில் இருந்தவர்களின் பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் போன் செய்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறேன். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. உங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று கிடையாது. அவரிடம் எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

கொரோனாதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு அக்கா தனிமை?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. வைரஸ் முடிந்தது என்று அறிவிக்கவில்லை. தடுப்பூசியாலும் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை வந்துபோனதாலும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இப்போது அது சளிக்காய்ச்சலாக வந்து போய்விடுகிறது, உண்மைதான். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர், கீமோ எடுப்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், எழுபது எண்பது வயதில் சுகரும் மூச்சுத்திணறலும் உள்ளவர், இவர்களுக்கு அது இன்னமும் அதே பழைய கொரோனாதான். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள், பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

குவாரன்டைன், ஐசொலேஷன் இரண்டும் ஒன்றா?

தமிழில் இரண்டையும் தனிமைப்படுத்தல் என்றே சொல்லிவிட்டதால் வந்த குழப்பம் இது. நோயாளியோடு பழகியவர், இன்னும் நோய் வந்ததா என்று தெரியாதவர், சில நாள் ஒதுங்கிப் பார்ப்பது குவாரன்டைன். நோய் உறுதியானவர் மற்றவர்களுக்குப் பரப்பாமல் தனியாக இருப்பது ஐசொலேஷன். கீழே நான் சொல்வதெல்லாம் இரண்டாவதைப் பற்றி.

பாசிட்டிவ் என்றால் எல்லோரும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமா?

வேண்டாம். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தோம். 2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் நோயாளி, ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சிகிச்சையில் இருப்பதாக அறிவித்தார்கள். அப்போது லேசான இருமல் உள்ளவரைக்கூட வார்டில் வைத்து, பரிசோதனை நெகட்டிவ் வரும்வரை காத்திருந்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவி மே மாதம் எண்ணிக்கை ஏறியபோது அது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏப்ரல் கடைசியிலேயே லேசான நோயுள்ளவர்கள் வீட்டில் இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. மே 8 அன்று, லேசான நோயாளிகளுக்கு மறுபரிசோதனை இல்லாமலே பத்து நாளில் டிஸ்சார்ஜ் என்று மாற்றினார்கள்.

அப்புறம் சென்னையில் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. பாசிட்டிவ் வந்தவர் முதலில் ஒரு ஸ்கிரீனிங் சென்டருக்குப் போவார், அங்கே ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்துவிட்டு வீடா, லேசான நோயாளிகளைத் தங்கவைத்துக் கவனிக்கும் கேர் சென்டரா, ஆஸ்பத்திரியா என்று பிரித்து அனுப்புவார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையமும் அத்திப்பட்டு குடியிருப்பும் அப்படித்தான் கேர் சென்டர்களாயின. சீனாவில் வூஹானில் 2020 பிப்ரவரியில் விளையாட்டு அரங்கங்களையும் கண்காட்சிக் கூடங்களையும் படுக்கைகள் போட்டு மாற்றியதும் இதே யோசனைதான்: லேசான நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்துவிடு, ஆனால் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருக்கட்டும், ஆக்சிஜன் இறங்கினால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு.

எங்கள் வீடு ஒரே அறைதான் சிஸ்டர். இதில் எங்கே தனிமை?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. தனி அறை, அதோடு சேர்ந்த கழிப்பறை என்று வழிகாட்டுதல்களில் எழுதியிருக்கும். வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் அதைப் படித்தால் கோபம்தான் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்காகத்தான் கேர் சென்டர்கள் இருந்தன. இப்போது அவை இல்லை. அதனால் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இந்த வைரஸ் முக்கியமாக மூச்சுக்காற்று வழியாகத்தான் பரவுகிறது, மூடிய அறையில் காற்றில் மிதந்து நிற்கிறது. ஆகவே முதல் வேலை ஜன்னலையும் கதவையும் திறப்பது. மின்விசிறியை ஜன்னல் பக்கம் வைத்து உள்காற்றை வெளியே தள்ளுங்கள். ஏசி போட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். மொட்டை மாடியோ திண்ணையோ இருந்தால் பகலில் நோயாளி அங்கே உட்காரட்டும், நிழல் இருந்தால் போதும். உள்ளே இருக்கும்போது எல்லோரும் மாஸ்க், முடிந்தால் என்95. துணி மாஸ்க் ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். இரவில் தலைமாடு கால்மாடாக மாற்றி, எவ்வளவு தள்ளிப் படுக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. வீட்டில் வயதானவர் இருந்தால், நோயாளியை நகர்த்துவதைவிட அந்த வயதானவரை ஒரு வாரம் மகள் வீட்டுக்கோ தம்பி வீட்டுக்கோ அனுப்புவது பல நேரம் எளிது. ஆனால் அவருக்கு ஏற்கெனவே தொண்டை வலியோ காய்ச்சலோ இருந்தால் அனுப்பாதீர்கள், அங்கேயும் கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும்.

தட்டு, துணி, கழிப்பறை?

சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். தட்டைத் தூக்கிப் போட வேண்டாம், பால் பாக்கெட்டுக்கெல்லாம் குளியல் போட வேண்டாம். பொதுக் கழிப்பறை என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும், போய்வந்த பிறகு கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வையுங்கள், கைப்பிடியையும் குழாயையும் துடைத்துவிடுங்கள்.

எத்தனை நாள் தனியாக இருக்க வேண்டும்?

இந்த எண் மாறிக்கொண்டே வந்ததால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 2020ல் இந்தியாவில் முதலில் 17 நாள். 2021 ஏப்ரலில், அறிகுறி தொடங்கி 10 நாள், கடைசி 3 நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது என்றார்கள். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது பாசிட்டிவ் வந்ததிலிருந்து 7 நாள், அதிலும் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல். உலக சுகாதார நிறுவனம் 2023ல் அறிகுறி உள்ளவருக்கு 10 நாள், இல்லாதவருக்கு 5 நாள் என்றது. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2024 மார்ச்சில் நாள் கணக்கையே விட்டுவிட்டு, மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து உடம்பும் தேறிவந்தால் வெளியே வரலாம், அதற்குப் பிறகு 5 நாள் மாஸ்க் போடு என்று மாற்றிவிட்டது.

என்னைக் கேட்டால், வீட்டில் ஆபத்தான நிலையில் யாரும் இல்லையென்றால் காய்ச்சல் நின்று ஒரு நாள் கழித்து மாஸ்க்கோடு வெளியே வாருங்கள். வயதானவரோ புற்றுநோயாளியோ இருந்தால் பத்து நாளும் அவர் பக்கம் போகாதீர்கள். அறிகுறி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து முதல் ஐந்து நாள் வரைதான் பரவல் அதிகம், அதற்குப் பிறகு வேகமாகக் குறைகிறது.

பத்து நாளாகியும் ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவ் என்றே வருகிறதே?

வரும். செத்த வைரஸின் துணுக்குகளையும் அந்தச் சோதனை பிடித்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில். நெகட்டிவ் சீட்டு கொண்டுவா என்று சில முதலாளிகள் கேட்டதால் முழுசாகக் குணமானவர்கள் மாதம் முழுக்க சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். லேசாக வந்து போனவர்களுக்கு மறுபரிசோதனையே தேவையில்லை. எதிர்ப்புசக்தி மிகக் குறைந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு, அவர்களுக்கு உயிருள்ள வைரஸே நீண்ட நாள் இருக்கலாம், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆக்சிமீட்டரில் எப்படிப் பார்ப்பது? எந்த எண் ஆபத்து?

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சின்னக் கருவி இது. முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், அடர்ந்த மருதாணி போட்ட விரலை விட்டுவிடுங்கள். ஆள்காட்டி விரலிலோ நடுவிரலிலோ மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். மாட்டியவுடன் வரும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், சந்தோஷமும் படாதீர்கள். இதயத்துடிப்பு எண்ணும் அதே கருவியில் வரும், அதையும் தாளில் எழுதுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையாவது.

94, அதற்கு மேல் என்றால் வீட்டில் இருக்கலாம். 90 முதல் 93 வரை மிதமான நோய், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 90க்குக் கீழே தீவிரம். நிமிடத்துக்கு 24 மூச்சுக்கு மேல் போனாலும் மிதமான நோய்தான், 30ஐத் தொட்டால் தீவிரம். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இதற்குக் கருவிகூட வேண்டாம், ஆனால் இதை யாரும் செய்வதில்லை.

இன்னொன்று நமக்கு முக்கியம். இந்தக் கருவிகள் கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எண் 95 என்று காட்டி, ஆள் பேசப் பேச மூச்சு வாங்கினால், ஆளை நம்புங்கள், எண்ணை விடுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தால் ஆறு நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டுப் பாருங்கள், வயதானவர் என்றால் மூன்று நிமிடம் போதும். நடந்தபிறகு 94க்குக் கீழே போனாலோ, மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவரை நடக்கவிட்டுச் சோதிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்ப வேண்டும்?

மேலே சொன்ன எண்கள். நெஞ்சில் அழுத்தம். உதடோ நகமோ நீலம் பூப்பது. குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது. 650 பாராசிட்டமால் நான்கு வேளையும் போட்டும் அடங்காத காய்ச்சல். ஒரு வாய் தண்ணீரோ கஞ்சியோ இறங்காமல் ஒரு நாள் போய்விட்டது என்றாலும் கிளம்புங்கள்.

இதில் ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், எத்தனை பேருக்கு அலுத்தாலும் சொல்வேன். முதல் ஐந்து நாள் காய்ச்சலும் உடம்புவலியுமாக இருந்து, ஆறாம் ஏழாம் நாள் காய்ச்சல் விட்டு, அப்பாடா என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில்தான் பலருக்கு நுரையீரல் இறங்க ஆரம்பிக்கும். மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் 80க்கு வந்துவிடும், ஆள் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். 2021 மே மாதம் எங்கள் வார்டுக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். மாடியறையில் தனியாக வைத்திருக்கிறார்கள், நல்ல குடும்பம், வேளாவேளைக்குச் சாப்பாடு வாசற்படியில் வைத்திருக்கிறார்கள், ஏழாம் நாளிலிருந்து தட்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. வாய் கசக்கும்போல என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்க்கப் பயம். நான் விரலில் மாட்டியபோது 68. மூன்று நாள் போராடினோம், முடியவில்லை. அவருடைய மகன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "நேற்றே கூட்டிவந்திருந்தால்?" என்று. நான் பதில் சொல்லவில்லை.

மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் உள்ளே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருவதால் உங்களுக்கு வந்துவிடக்கூடிய ஆபத்து சின்னது. அதுவும் முடியாவிட்டால் வீடியோ காலில் பேசச் சொல்லுங்கள், ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

108ஐக் கூப்பிட்டுவிட்டு, அவரைக் குப்புறப் படுக்க வையுங்கள். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடைவரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. நுரையீரலின் பின்பகுதி விரிந்து காற்று போகும், சிலருக்கு நான்கைந்து புள்ளி ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். அரைமணி நேரம் கழித்து வலது பக்கம், பிறகு சாய்ந்து உட்கார்ந்து, பிறகு இடது பக்கம் என்று மாற்றலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம். கர்ப்பிணிகள், தீவிர இதயநோய் உள்ளவர்கள், முதுகெலும்போ இடுப்போ முறிந்தவர்கள் குப்புறப் படுக்கக் கூடாது. இது கிளம்பும்வரை செய்வது. இதைச் செய்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் என்ன மாத்திரை?

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால். நிறையத் தண்ணீர், கஞ்சி, ரசம், முட்டை, எது இறங்குகிறதோ அது. சுகர், பிபி மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே முழுச் சிகிச்சை.

அசித்ரோமைசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின் என்று ஒரு பொட்டலம் கட்டி மருந்துக்கடையில் கொடுத்தார்களே, அவை மூன்றுமே பெரிய ஆய்வுகளில் பலன் தரவில்லை. பழைய சீட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் வாங்காதீர்கள்.

நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரை உண்மையிலேயே வேலை செய்யும், ஆனால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள். கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, உறுப்பு மாற்றியவர்கள் போடும் மாத்திரை என்று பலவற்றோடு அது மோதும். ஆகவே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஆறாம் நாள் போன் செய்யாதீர்கள், இரண்டாம் நாளே செய்யுங்கள், அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு.

ஸ்டீராய்டு போட்டால் சீக்கிரம் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆக்சிஜன் தேவைப்படாதவர் கொரோனாவுக்காக ஸ்டீராய்டு போடக் கூடாது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவு வந்தபோது எங்கள் வார்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது, ஏனென்றால் அதில் பலன் தந்த டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும் மலிவான பழைய மருந்து. நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. கடைசி வரியை மட்டும் பலர் படிக்கவில்லை. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு போட ஆரம்பித்தார்கள். சுகர் 400, 500 என்று ஏறிப்போனவர்களைப் பார்த்தோம்.

அதன் தொடர்ச்சிதான் 2021 மே மாதம் பரவலாக வந்த கருப்புப் பூஞ்சை. கட்டுப்பாடில்லாத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் அது வளர்ந்தது. மூக்கில் கருப்பாக வடிதல், ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போதல் அல்லது வலி, கண் வீங்குதல், பல் ஆட்டம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர். மறுநாள் என்று தள்ளியவர்கள் கண்ணை இழந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதல் மருந்து ஆக்சிஜன்தான். மாஸ்க் வழியாக, பிறகு தேவைப்பட்டால் அதிவேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ கருவி, பிறகு வென்டிலேட்டர். ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் ஊசி. சிலருக்கு அழற்சியைத் தணிக்கும் டோசிலிசுமாப் ஊசி. ஆக்சிஜனில் இருப்பவரை நாளுக்குப் பல மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பதும் நர்ஸ்களின் வேலைதான், ஆள் பருமனாக இருந்தால் நான்கு பேர் வேண்டும்.

ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசிக்காக 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றதும், பிறகு அந்த விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றியதும், பிறகு நேரடியாக மருத்துவமனைகளுக்கே கொடுத்ததும் நினைவிருக்கும். நகையை அடகு வைத்து வாங்கினார்கள். அந்த மருந்தின் பலன் சின்னது, வென்டிலேட்டருக்குப் போகாத சிலருக்கு மட்டும் கொஞ்சம். வரிசையில் நின்ற நேரத்தில் ஓர் ஆக்சிஜன் படுக்கை தேடியிருந்தால் என்று இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை, அந்த மக்களைச் சொல்லி என்ன, எழுதிக் கொடுத்தவர்கள் சொல்லியிருக்க வேண்டும். குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றிய பிளாஸ்மாவும் அப்படியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் சோதித்துப் பலனில்லை என்று 2020லேயே கண்டது, ஆனால் வழிகாட்டுதலிலிருந்து நீங்கியது 2021 மே மாதம்தான்.

சிடி ஸ்கேன் எடுக்கட்டுமா?

ஆக்சிஜன் சரியாக இருந்து லேசான நோய் என்றால் வேண்டாம். முப்பது சதவீதம் பாதிப்பு என்று தாளில் பார்த்துத் தூக்கத்தை இழப்பதைத் தவிர அதனால் சிகிச்சை மாறாது.

கபசுரக் குடிநீர், ஆவி பிடித்தல்?

கபசுரக் குடிநீரை அரசே வீடு வீடாகக் கொடுத்தது, எங்கள் வீட்டிலும் குடித்தோம். குடிப்பவர்களை நான் தடுப்பதில்லை, சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள் மட்டும் கேட்டுவிட்டுக் குடியுங்கள். ஆக்சிஜன் 92 என்று காட்டும்போது இன்னொரு டம்ளர் குடித்துவிட்டுப் பார்ப்போம் என்று உட்காருவதைத்தான் தடுப்பேன். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விடும், வைரஸ் சாகாது. சின்னப் பிள்ளைகள் மேல் கொதிநீர் கொட்டிவிடும், வேண்டவே வேண்டாம்.

குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். கை கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு கொடுங்கள். தாயையும் சேயையும் பிரிக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் எடைக்கேற்ற பாராசிட்டமால், ஆஸ்பிரின் கூடாது. கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் பிள்ளைக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி வந்தால் குழந்தை மருத்துவரிடம் முன்பு கொரோனா வந்ததைச் சொல்லிக் காட்டுங்கள்.

அக்கம்பக்கத்தில் சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ?

2020ல் சென்னையில் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். பயந்துபோய்ப் பலர் காய்ச்சலையே மறைத்தார்கள், பரிசோதனைக்கே வரவில்லை, மறைத்தவர்கள்தான் எங்களிடம் கடைசி நேரத்தில் வந்தார்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், உரிய அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் நோயாளி வீட்டில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. இப்போது தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. கடந்த இரண்டு மூன்று நாளில் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டும் ஒரு போன். பக்கத்து வீட்டில் வந்திருப்பது தெரிந்தால் ஒரு தூக்கில் ரசம் வைத்துவிட்டுக் குரல் கொடுங்கள்.

நெகட்டிவ் ஆகி ஒரு மாதமாகியும் மாடிப்படி ஏற முடியவில்லையே?

பலருக்கு அப்படித்தான், மெல்ல மெல்லத் தேறும். நடையை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள், மறுநாள் படுத்துவிடும் அளவுக்கு வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் களைப்பு, மூச்சு வாங்கல், மறதி இருந்தால் அது நீள்கொரோனாவாக இருக்கலாம், சோம்பல் என்று வீட்டார் சொன்னாலும் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள். புதிதாக நெஞ்சுவலியோ ஒரு கால் மட்டும் வீக்கமோ வந்தால் காத்திருக்காமல் உடனே.

வீட்டில் எப்போதும் என்ன வைத்திருக்க வேண்டும்?

வெப்பமானி, ஆக்சிமீட்டர், பாராசிட்டமால் ஓர் அட்டை, என்95 ஒரு பத்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் சில. வயதானவர் போடும் மாத்திரைகளின் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், அதன் கீழேயே 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, உங்கள் மருத்துவரின் எண், இரவில் கார் எடுக்கக்கூடிய ஒரு சொந்தக்காரரின் எண். அப்புறம் ஆக்சிமீட்டருக்குச் சின்ன பேட்டரி இரண்டு. அதை மட்டும் யாரும் வாங்கி வைப்பதில்லை, ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தீர்ந்துபோகிறது.